பிளக்கா, வால்வா: ட்ரக்குக்கு அடியில் ஒரு சனிக்கிழமை

அமெரிக்காவில் பிக்கப் ட்ரக் வாங்கியவருக்கு ஆயில் மாற்றியதற்கு வந்த ஒன்றிரண்டு சர்வீஸ் பில்லைப் பார்த்ததும் ஒரு ஞானம் பிறக்கும். "ஒரு போல்ட்டைக் கழற்றணும், ஒரு ஃபில்டரை மாத்தணும், ஆயில் ஊத்தணும். இதுக்கா இவ்வளவு காசு?" அடுத்த சனிக்கிழமை காலை ட்ரைவ்வேயில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து மல்லாந்து படுத்திருப்பார். ட்ரக் உயரமான வண்டி என்பதால் ஜாக்கிகூடத் தேவைப்படாது. வெளியே தெரிவது இரண்டு செருப்புக் கால்கள் மட்டும்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் பாத்திரம்தான் ஆயில் பான், அதன் துளையை அடைத்திருக்கும் போல்ட்தான் பிளக். அதைக் கழற்றினால் பழைய ஆயில் கீழே வைத்த தட்டில் வடியும். பிளக்கைக் கழற்றுவதில் கஷ்டமே இல்லை. கழற்றிய அடுத்த நொடியில்தான் எல்லாம் நடக்கிறது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயில் வெதுவெதுப்பானதும் கழற்று என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஆள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த கையோடு படுத்திருப்பார். கடைசி மரை விடும்வரை பிளக்கை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே விரலால் சுற்றி, விட்டதும் வெடுக்கென்று பக்கவாட்டில் கையை இழுக்க வேண்டும். இழுக்கத் தயங்கினால் ஆயில் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை போகும். சூடு பொறுக்காமல் கையை உதறுவார். பிளக் போய்த் தட்டுக்குள் 'டொப்'.

அந்தத் தட்டு மேலே மூடியும் நடுவில் ஓட்டையும் உள்ள வகை என்றால் கூத்து இரட்டிப்பு. விழுந்த பிளக் நேராகப் போய் ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஆயில் உள்ளே போகாமல் மூடியின்மேல் குளம் கட்டி, விளிம்பைத் தாண்டி ட்ரைவ்வேக்கு வரும். காற்றுப் போக வைத்திருக்கும் சின்ன மூடியைத் திறக்க மறந்தாலும் இதே கதிதான்.

பிளக் பக்கவாட்டில் இருக்கும் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. டயப்பர் கழற்றிய ஆண் குழந்தை மாதிரி, முதல் வீச்சு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆயில் மட்டம் குறையக் குறைய வீச்சும் சுருங்கிப் பின்வாங்கும். தட்டும் அதன் பின்னாலேயே நகர வேண்டும். கடைசியில் நூலாக ஒழுகும்போது லேசாகக் காற்றடித்தால், அந்த நூல் தட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். சிந்திய ஆயிலை உறிஞ்ச, பூனை மணல் (கேட் லிட்டர்) மூட்டை ஒன்று கராஜில் இருப்பது நல்லது. பூனை வேண்டாம், மணல் மட்டும் போதும். கொட்டி, செருப்பால் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டுக் கூட்டி எடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் வருவதற்குள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் மருந்தாக விற்கப்படுவதுதான் வடிகால் வால்வு. அதிகம் அடிபடும் பெயர் ஜப்பானின் ஃபுமோட்டோ. பிளக் இருந்த இடத்தில் நிரந்தரமாகத் திருகி வைக்கிற பித்தளை வால்வு அது. உள்ளே ஒரு பந்து, வெளியே ஒரு லிவர். லிவரைத் தூக்கிக் கால் வட்டம் திருப்பினால் ஆயில் வரும், திருப்பி விட்டால் நிற்கும். ஸ்பேனர் வேண்டாம், வாஷர் வேண்டாம், கையில் சொட்டுகூடப் படாது. வால்வோமேக்ஸ், ஸ்டால்பஸ் வகைகளில் லிவரே கிடையாது. மூடியைக் கழற்றி ட்யூப் முனையைத் திருகினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி வழி திறக்கும்.

"ரோட்டில் கல் பட்டுத் திறந்துகிட்டா?" என்பது எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. லிவர் ஸ்பிரிங்கின் பிடியில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் தூக்கி, பிறகுதான் திருப்ப முடியும். ஒரே கல் இரண்டு வேலையையும் வரிசையாகச் செய்ய வேண்டும். அதற்கும் பயந்தவர்களுக்கு லிவரைப் பூட்ட ஒரு கிளிப் விற்கிறார்கள், வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உண்மையான ஆபத்து வேறு: பாறையில் ஏற்றி இறக்குகிறவர்கள். ஆயில் பானுக்குக் கீழே எது துருத்திக்கொண்டிருந்தாலும் அதுதான் முதலில் இடிக்கும். அடியில் தகடு இல்லாமல் காட்டுக்குள் போகிறவர்கள் பழைய பிளக்கோடு இருப்பதே மேல்.

விளம்பரம் சொல்லாத சங்கதி, வால்வு மெதுவானது. பிளக் துளையைவிட வால்வின் வழி குறுகல். பிளக்கில் சட்டென்று கொட்டி முடிகிற 6 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்), வால்வில் இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். குளிர்காலத்தில் ஆறிய ஆயிலோடு திறந்தால் காபி குடித்து, தோசையும் சாப்பிட்டுவிட்டு வரலாம். இன்னொன்று, வால்வின் மரைப் பகுதி பானுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த உயரத்துக்குக் கீழே உள்ள ஆயில் வெளியே வராது. அடியில் தங்குவது பெரும்பாலும் மிகக் கொஞ்சம்தான். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அப்படியானால் எதற்கு வால்வு? மரைக்காக. இன்றைய பான்கள் பல அலுமினியம், பிளக் எஃகு. "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடுவோம்" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சுப் பிடித்தால் ஒருநாள் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவே இறுகாது. பிறகு ஹெலிகாயில் என்கிற புது மரைச் சுருளைப் போட வேண்டும், அல்லது ஆயில் பான் முழுவதையும் மாற்ற வேண்டும். செவர்லே சில்வராடோவின் 5.3 லிட்டர் இன்ஜினுக்கு பிளக்கை இறுக்க வேண்டிய முறுக்கு 18 பவுண்டு-அடிதான். நீளமான ஸ்பேனரில் அது ஒன்றுமே இல்லை என்று கைக்குத் தோன்றும். கையை நம்பாமல், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை நம்புங்கள். வால்வு என்றால் மரையைத் தொடுவது ஆயுளுக்கு ஒரே தடவை.

இரண்டாவது லாபம், பாதியில் நிறுத்தலாம். அதே 5.3க்கு, 2014 முதலான வண்டி என்றால், 8 குவார்ட் வேண்டும். கடையில் விற்பது 5 குவார்ட் ஜக். "ரெண்டு ஜக்தானே" என்று இரண்டையும் கவிழ்த்தவர் 2 குவார்ட் அதிகமாக ஊற்றியிருக்கிறார். மட்டம் அவ்வளவு ஏறினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கலக்கி நுரையாக்கும், நுரை இன்ஜினுக்கு ஆகாது. பிளக்கைத் திறந்து 2 குவார்ட் மட்டும் வெளியேற்ற முயல்வது நல்ல சர்க்கஸ். வால்வில் அளந்து இறக்கலாம். ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்புகிறவர்களுக்கும் நடு ஓட்டத்தில் ஒரு குப்பி சுத்தமாகப் பிடிப்பது எளிது.

டீசல்காரர்களுக்கு நான் யோசிக்காமல் வால்வு என்பேன். ராம் ட்ரக்கின் 6.7 லிட்டர் கம்மின்ஸுக்கு 12 குவார்ட், ஃபோர்டின் 6.7 பவர்ஸ்ட்ரோக்குக்கு 13. வீட்டில் இருப்பதோ 8 குவார்ட் தட்டு. பிளக்கைக் கழற்றியவர் தட்டு நிரம்புவதைப் பார்த்தபடி, கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒரு பக்கெட் கொண்டு வாங்க" என்று அடியிலிருந்து கத்துவார். நிப்பிள், அதாவது ட்யூப் மாட்டும் குழாய் முனை, உள்ள வால்வு மாடலில் ட்யூபை மாட்டி, ஒரு ஜக் நிரம்பியதும் மூடி, அடுத்த ஜக்கை வைக்கலாம்.

வாங்குவதற்கு முன் உங்கள் பிளக் எந்த வகை என்று அடியில் படுத்துப் பாருங்கள். ஃபுமோட்டோவில் எஃப்106 என்பது எம்14-1.5 மரைக்கு (14 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி), எஃப்103 எம்12-1.25க்கு, டொயோட்டாக்களில் பார்ப்பது. பின்னால் 'என்' எழுத்து இருந்தால் நிப்பிள் உண்டு. ஃபோர்டு எஃப்-150யில் 2.7 எகோபூஸ்ட் இன்ஜின், 2018 முதலான 5.0 இன்ஜின் போன்றவற்றில் பானே பிளாஸ்டிக், பிளக்கும் கால் வட்டம் திருப்பி எடுக்கிற பிளாஸ்டிக். சாதாரண மரை வால்வு அங்கே செல்லாது. அந்த பிளக்கைப் பழசையே திரும்பத் திரும்ப மாட்டாமல் புதுசு ஒன்று கைவசம் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாட்டும்போது பழைய வாஷர் பானில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இடத்தைத் துடைத்து, கூட வரும் கேஸ்கெட்டைப் போட்டு முதலில் கையாலேயே சுற்றுங்கள். வால்வு முழு வட்டம் சுற்ற இடம் வேண்டும். பான் பள்ளத்திலோ குறுக்குச் சட்டத்திலோ இடித்தால் நடுவில் அடாப்டர் தேவை. இறுக்கிய பிறகு லிவர் விரும்பாத பக்கம் பார்த்தால், "இன்னும் கால் சுற்று" என்று பித்தளையை வதைக்காதீர்கள்.

வால்வு வாங்கியவர்கள் வெள்ளைச் சட்டையோடு அடியில் நுழைவதைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். ஃபில்டர் அப்படியே இருக்கிறதே! திருகு ஃபில்டரைத் தளர்த்தியதும் அதிலுள்ள ஆயில் குறுக்குச் சட்டத்தில் வழிந்து நெற்றிக்கு வரும். அதைவிட முக்கியம், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பார்ப்பது. இன்ஜினிலேயே ஒட்டியிருந்து, அதன்மேல் புதுசை மாட்டினால் இரண்டு ரப்பர் ஒன்றின்மேல் ஒன்று. ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, இப்போது ஊற்றிய ஆயில் அத்தனையும் தரையில். வால்வு இதைத் தடுக்காது.

பழைய ஆயிலை ஜக்கில் அடைத்து ஆட்டோசோன் மாதிரிக் கடைகளில் கொடுத்தால் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன், புது ஆயில் ஜக்கைத் திறக்கும் கையோடு ஒருமுறை குனிந்து, லிவர் மூடிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மேலே ஊற்றுவது கீழே தட்டில் விழுகிற சத்தம் ஃபனல் பக்கம் நிற்பவருக்குக் கேட்காது. தேன் நிறத்தில் தட்டு நிரம்புவதை முதலில் பார்ப்பது வீட்டில் வேறு யாராவதுதான்.