கிராலருக்கு எந்த லிப்போ: பல்லாவரம் பாறையில் ஏற்றிப் பார்த்தது

என்னிடம் இருப்பது 1/10 அளவு ஆர்சி கிராலர், அதாவது ரிமோட்டில் ஓட்டும், பாறை ஏறும் குட்டி வண்டி. 35 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்டு மோட்டார்; 2எஸ், 3எஸ் (இரண்டு செல், மூன்று செல் வரிசையாகச் சேர்த்த பேட்டரி) இரண்டையும் தாங்கும் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். கிராலர் என்பது பறக்கிற வண்டி இல்லை. ஆள் நடப்பதைவிட மெதுவாக, ஒவ்வொரு கல்லாகப் பிடித்து ஏறுகிற வண்டி. இதற்கு லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எம்ஏஎச்?" என்றுதான்; பேட்டரியின் கொள்ளளவு அது. அதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள் என்பேன். அது வண்டியில் எந்த இடத்தில் உட்காரும் என்பதையும் கேளுங்கள்.

முதலில் ஓட்டியது 2எஸ் 5000 எம்ஏஎச், கெட்டி பிளாஸ்டிக் உறை போட்டது. சமையலறைத் தராசில் 270 கிராம் காட்டியது. சேஸியில் அதற்கென்று விட்டிருக்கும் இடம் பின்பக்கம், சற்று உயரத்தில். தெருவிலும் பூங்காவிலும் ஒரு குறையும் இல்லை. பல்லாவரம் பக்கம் பழைய கல்குவாரி ஓரத்துப் பாறைகளுக்குக் கொண்டுபோனதும் விஷயம் தெரிந்தது. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் வட்டாரத்தில் கிடப்பது சார்னகைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் பரங்கிமலையிலிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட்தான் இந்தப் பெயரை வைத்தார். சொரசொரப்பான கல், டயர் நன்றாகப் பிடிக்கும். பிடிப்பு நன்றாக இருந்தால் வண்டி வழுக்காது. அதற்குப் பதிலாக முன்சக்கரம் தூக்கி மல்லாந்துவிடும். என் வண்டி அதைத்தான் செய்தது.

எவ்வளவு சரிவில் மல்லாக்கிறது என்று வீட்டிலேயே அளந்தேன். நீளமான பலகை ஒன்றை எடுத்து, பின்சக்கரம் நழுவாமல் இருக்க ஒரு முனையில் ரீப்பர் கட்டையைக் குறுக்கே அடித்தேன். அதில் சக்கரங்களை முட்டவைத்து வண்டியை நிறுத்தி, மறுமுனையை மெதுவாக உயர்த்தினேன். போனில் கோணம் காட்டும் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது டிகிரியை நெருங்கும்போது முன் ஷாக் இரண்டும் முழுசாக நீண்டுவிட்டன. டயருக்கும் பலகைக்கும் நடுவே முதலில் ஒரு காகிதம் நுழைகிற சந்து, அப்புறம் விரல் நுழைகிற சந்து, அடுத்த நொடி வண்டி என் கையில். பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே எடைக்கு நட்டு போல்ட்டுகளைப் பையில் கட்டி, முன் அச்சுக்கு மேலே வைத்து மறுபடி தூக்கினேன். சுமார் ஐந்து டிகிரி கூடுதலாக நின்றது. பாறையில் ஐந்து டிகிரி என்பது சின்ன விஷயமே இல்லை. ஏறும், ஏறாது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

முன்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கும், ஷாக்கைத் தாங்கும் ஷாக் டவருக்கும் நடுவே இருக்கும் இடத்தில் 5000 பேக் நுழையாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து குறித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். ட்ரோன் சாமான் விற்கும் கடை ஒன்றில் 3எஸ் 1500 இருந்தது.

"ட்ரோனுக்கா சார்?"

"இல்லண்ணா, ஆர்சி வண்டிக்கு. பாறை ஏர்றது."

"அப்ப 5000 எடுத்துக்குங்க சார். 1500 எல்லாம் நிக்காது."

அவர் சொன்னது பந்தய வண்டிக்குச் சரி. நான் தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். 130 கிராம், பழைய பேக்கில் பாதிகூட இல்லை. வாங்கிவிட்டேன்.

கணக்கில் பார்த்தால் 5000 எம்ஏஎச்சை, அதாவது 5 ஆம்பியர் அவரை, 2எஸ்ஸின் 7.4 வோல்ட்டால் பெருக்க 37 வாட் அவர். 1.5ஐ 3எஸ்ஸின் 11.1ஆல் பெருக்கினால் 16.65தான். பாதிக்கும் குறைவு. ஆனால் கிராலர் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவே வாட் மீட்டர் போட்டு ஓட்டினேன். சமதளத்தில் ஒன்று, ஒன்றரை ஆம்பியர். ஏற்றத்தில் நாலு முதல் ஆறு. சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி மோட்டார் திணறும் அந்தச் சில நொடிகள் மட்டும் இருபதைத் தாண்டியது. அதோடு, கிராலர் ஓட்டுபவர் பாதி நேரம் எந்த வழியில் ஏறலாம் என்று நின்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அப்போது மோட்டாருக்கு வேலையே இல்லை. என் 1500 பேக் பாறையில் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வருகிறது. தீர்ந்தால் சட்டைப்பையிலிருந்து இன்னொன்று. இரண்டும் சேர்ந்தாலும் பழையதன் எடைதான், ஏறும்போது வண்டியில் இருப்பதோ ஒன்றே ஒன்று.

பேட்டரி எத்தனை ஆம்பியர் வரை தரும் என்று சொல்லும் சி ரேட்டிங் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 1500 எம்ஏஎச், 40சி என்றால் 1.5 x 40, அதாவது 60 ஆம்பியர். லேபிளில் அச்சிடும் சி எண்ணைப் பல கம்பெனிகள் தாராளமாகவே போடுகின்றன. பாதியை நம்பினாலும் 30 வருகிறது, பிரஷ்டு கிராலருக்கு அது போதும்.

எடைதான் முக்கியம் என்றால் சின்ன 2எஸ் போதாதா என்று கேட்கலாம். மோட்டாரின் வேகத்தை வோல்டேஜ் தீர்மானிக்கிறது, முறுக்குவிசையை ஆம்பியர். 3எஸ் போட்டதால் மட்டும் மெதுவாக ஏறும்போது பலம் கூடிவிடாது. ஆனால் ஒரே 60 வாட் வேலைக்கு 2எஸ் பேட்டரி 8 ஆம்பியர் தர வேண்டும். 3எஸ் தருவது ஐந்தரைக்குள். அதைவிடப் பெரிய லாபம் சர்வோவில். பெரிய சர்வோவுக்காக பிஇசியை (பேட்டரி வோல்டேஜை சர்வோவுக்கு ஏற்ப இறக்கித் தரும் சர்க்யூட்) 7.4 வோல்ட்டில் வைத்திருப்போம். 2எஸ் பேக் பாதி காலியாகி, ஏற்றத்தில் வோல்டேஜ் இறங்கும்போது, பிஇசி அந்த 7.4ஐ எங்கிருந்து கொடுக்கும்? ஸ்டியரிங் சோர்ந்துவிடும். 3எஸ்ஸில் கடைசிவரை ஒரே பிடி. வாங்கும் முன் இஎஸ்சி 3எஸ் தாங்குமா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். 2எஸ்ஸுக்கு மட்டும் என்றிருப்பதில் 3எஸ் மாட்டினால் புகைதான்.

18650 லித்தியம் அயான் செல் மூன்றைச் சேர்த்துக் கட்டிய பேக்கும் போட்டுப் பார்த்தேன். செல் ஒன்று 47 கிராம் வாக்கில்; 3000 எம்ஏஎச்சுக்கு இது நல்ல எடை. உருளை எஃகு உறை என்பதால் மெல்லிய லிப்போ பையைவிட அடி தாங்கும். வோல்டேஜ் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது, நிதானமாக ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆனால் 15 ஆம்பியராவது தொடர்ந்து தரக்கூடிய அசல் செல்லாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப் செல் இதற்கு ஆகாது. 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 கண்ணில் பட்டால் கையில்கூட எடுக்காதீர்கள்; அந்த அளவு செல்லில் அதில் பாதிகூடக் கொள்ளாது.

சென்னை வெயிலுக்கு இரண்டு வார்த்தை. முழு சார்ஜில், செல்லுக்கு 4.2 வோல்ட்டில், லிப்போவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். கத்திரி வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு மாதிரி, பேக் உப்பிவிடும். நான் துணிப்பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போகிறேன். ஓட்டி முடித்ததும் சூடு ஆறட்டும், அப்புறம் சார்ஜ். செல்கள் எல்லாம் சமமாக ஏற பேலன்ஸ் வயரைச் செருகி, 1சி அளவில், அதாவது இந்த பேக்குக்கு 1.5 ஆம்பியரில், மொசைக் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. பேட்டரி அதற்குமேல் இறங்காமல் இஎஸ்சி நிறுத்திவிடும் கட்-ஆஃப் செல்லுக்கு 3.2 வோல்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் வெளியே போக முடியாதபோது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்து வைத்துவிடுவேன். உப்பிய பேக்கை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே என்று நினைக்கவே கூடாது.

இப்போது முன் அச்சுக்கு மேலே அலுமினியத் தகட்டில் சின்ன தட்டு செய்து, வெல்க்ரோ பட்டையால் 3எஸ் 1500ஐக் கட்டியிருக்கிறேன். வயரைக் குட்டையாக வெட்டி எக்ஸ்டி60 கனெக்டர் வைத்தாயிற்று. பழைய 5000ஐ பெசன்ட் நகர் மணலுக்கு வைத்துக்கொண்டேன். மணலில் நிறுத்தாமல் த்ராட்டில் கொடுத்தபடியே இருக்க வேண்டும், மல்லாக்கவும் சரிவு கிடையாது. அங்கே 1500 பேக் சீக்கிரமே காலியாகிவிடும்.