சாம்பிள் பாஸ் ஆன பிறகு

சாம்பிள் பாஸ் ஆகி, விலையும் படிந்த பிறகு வெளிநாட்டு ஆர்டர் கையை விட்டுப் போகிறதென்றால், காரணம் பெரும்பாலும் ஆவணம், பேக்கிங், பணம் வாங்கும் முறை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளூர் வியாபாரத்துக்காக உருவான வேலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் கப்பலேற்றப் பார்க்கிறார்கள் பல சிறு நிறுவனத்தார். அது நடக்காது.

முதலில் எல்.சி., அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாகப் பையரின் (வாங்குபவரின்) வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, ஆவணங்களைத்தான் பார்க்கும். எல்.சி.யில் ‘துருப்பிடிக்காத எஃகு வால்வு, 25 மி.மீ.’ என்றிருக்க, இன்வாய்ஸில் வழக்கம்போல ‘எஸ்.எஸ். வால்வு, 1 அங்குலம்’ என்று அடித்தால் வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடலாம். சரக்கு அப்போது நடுக்கடலில் இருக்கும். பையர் தள்ளுபடி கேட்பார், கொடுப்பதைத் தவிர வழியிருக்காது. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பாக 2007 முதல் நடப்பிலுள்ள யூசிபி 600-ன்படி, சரக்கு ஏறிய 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பே, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் அசலோடு ஆவணங்களை ஒப்படைத்துவிட வேண்டும். எல்.சி.யே வேறு கெடு சொன்னால் அதுதான் செல்லும். சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாள்.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். எடைக் கணக்கில் போகும் சரக்குக்கு, எல்.சி. தடுக்காதவரை, தொகை மீறாமல் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். பீஸ் கணக்கில் அந்தச் சலுகை கிடையாது. சரக்கைப் பிரித்து அனுப்பக் கூடாது என்றிருந்தால் 1,000-க்கு 998 அனுப்பினாலே ஆவணம் பிழைதான். அதனால் எல்.சி.யின் வரைவு வந்த அன்றே, மூலப்பொருள் வாங்கும் முன், உற்பத்தி, பேக்கிங், கணக்கு மூன்று பிரிவினரும் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். செய்ய முடியாத வரியை அப்போதே திருத்தச் சொல்லலாம். கப்பல் கிளம்பிய பிறகு திருத்தம் கேட்டால், அந்தப் பக்கம் அவசரப்பட யாருக்கும் காரணமில்லை.

கோட்டேஷனில் பழக்கதோஷத்தால் எஃப்ஓபி என்ற விற்பனை நிபந்தனையைப் போடுவதும் இப்படித்தான். கன்டெய்னரை முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறோம்; ஆனால் எஃப்ஓபியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. யார்டில் கிடக்கும் நாட்களில் சேதமானால் நஷ்டம் நமக்கு. கன்டெய்னர் சரக்குக்கு, அதை ஏற்றிச்செல்லும் கேரியரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறும் எஃப்சிஏதான் பொருத்தம். எல்.சி.க்குத் தேவையான ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங்கை விற்பவருக்குக் கொடுக்கும்படி பையர் கேரியரிடம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள, இந்த நிபந்தனைகளின் சர்வதேசத் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020 வழி செய்திருக்கிறது.

பேக்கிங்கில் தொழிற்சாலையே மாற வேண்டியிருக்கும். பெட்டிகளை அடுக்கும் தட்டான பாலெட், ஐரோப்பாவில் 1200 × 800 மி.மீ., வட அமெரிக்காவில் பரவலானது 48 × 40 அங்குலம். அட்டைப்பெட்டியின் அடியளவு 400 × 300 மி.மீ. என்றால் முன்னதில் அடுக்குக்கு 8, பின்னதில் 10 பெட்டி அமரும். ஒரே பெட்டி இரண்டு சந்தைக்கும் போதும். உள்ளூர் லாரிக்கு வசதியான அளவிலேயே பெட்டியை விட்டுவைத்தால் கன்டெய்னரில் காற்றுக்கும் சேர்த்து வாடகை கட்டுகிறோம். மர பாலெட்டை வெப்பத்தில் பதப்படுத்தும்போது, மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-ன் முத்திரையும் தெரிய வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பாலெட்டுக்காக முழு லோடும் துறைமுகத்தில் நிற்கக்கூடும். முழுக்கப் பிளைவுட்டால் ஆன பாலெட்டுக்கு இந்த விதி இல்லை.

ஈரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகல் வெப்பத்தில் பாலெட்டிலிருந்தும் அட்டையிலிருந்தும் கிளம்பும் ஈரம், இரவில் குளிரும் கன்டெய்னர் கூரையில் நீராகி மேலிருந்து சொட்டும். அட்டை நனைந்து பலமிழக்க, அடி அடுக்கு நசுங்கும். காய்ந்த மரமும், ஈரம் உறிஞ்சும் பைகளும், மேலடுக்குக்கு ஒரு மூடியும் செலவு குறைந்த காப்பு.

சிறு நிறுவனத்துக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. பெட்டி அளவையோ இன்வாய்ஸ் வாசகத்தையோ மாற்ற அதற்கு ஒரே நாள் போதும். ஆனால் ஒரே நேரத்தில் ஐந்து நாட்டுக்கு ஓடினால் அந்தச் சாதகம் கரைந்துவிடும். ஒரு நாட்டில் மூன்று ஷிப்மென்ட் பிழையில்லாமல் முடியட்டும். முதல் புகார் வரும்போது பேட்ச் எண், பெட்டியின் படம், பாலெட்டில் அது இருந்த இடம் மூன்றையும் அன்றே கேட்டு வாங்குங்கள். தவறு உற்பத்தி லைனிலா, பேக்கிங்கிலா, வழியிலா என்று பிரித்துச் சொல்ல அந்த மூன்றும் வேண்டும்.