சித்தப்பா தட்டாத சுவர்

எங்கள் சித்தப்பா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார். நாற்பது வருஷ மேஸ்திரி புத்தி. கல்யாண மண்டபத்திலும் தட்டுவார், ஆஸ்பத்திரியிலும் தட்டுவார். என் நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டுச் சுவரைத் தட்டிவிட்டு, "பூச்சு பொத்தல்லே" என்று அவர் சொன்னது என் மாமனாருக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று கல்லாறில் இ-பாஸைக் காட்டி, மலையேறி ஊட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவர், டீயைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. "ஏலே, வெள்ளைக்காரன் இங்க முதல்ல கட்டுன கல்லு பங்களா இருக்காம்லா. கூட்டிட்டுப் போ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் ஆதார் அட்டையிலேயே ஸ்டோன்ஹவுஸ் ஹில் என்று இருக்கிறது. ஹில்லில் தினமும் மூச்சு வாங்குகிறேன், ஹவுஸை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மேட்டில் அவர் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் போக, நான் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அந்த பங்களா இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. வாசலில் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்றார்.

"சல்லிவன்" என்றார் சித்தப்பா.

"எந்த டிபார்ட்மெண்ட்?"

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அந்த வீட்டைக் கட்டத் தொடங்கியது 1822-இல். ஆள் போய்ச் சேர்ந்தது 1855-இல். கல்லூரி வந்ததோ அதற்கும் நூறு வருஷம் கழித்து, 1955-இல். இதையெல்லாம் வாசலில் நின்று விளக்கினால் உள்ளே விடுவார்களா? நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே விட்டார்.

சித்தப்பா தட்டினார். அப்புறம் இரண்டு கல் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுரண்டினார். நகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"சிமெண்டு மூட்டையே பொறக்காத காலம்லே. எப்படி நிக்கி பாரு." கொஞ்சம் கழித்து, "கட்டுனது சல்லிவன்ங்காவ. கல்லச் செதுக்குனவன் பேரு எங்கயாவது போட்டிருக்கா?"

எங்கேயும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். "சின்ன மாமா, நம்ம படுக்கையறைச் சுவரையும் ஒரு தட்டு தட்டுங்களேன்" என்றாள். ஜூன் மழைக்கு ஊறி, பூஞ்சை பிடித்து, இலங்கை வரைபடம் மாதிரி இருக்கிற சுவர். வீடு கட்டியது 2009-இல். மேஸ்திரி யார் என்று கேட்காதீர்கள்.

அவர் தட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு 'சரக் சரக்' என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், மப்ளரைத் தலையில் கட்டிக்கொண்டு பூச்சை முழுக்க உரித்துக்கொண்டிருக்கிறார். கட்டிலெல்லாம் மண். கையில் தோசைக் கரண்டி.

டிபனுக்கு பிரெட்.