எழுந்து போகும் உரிமை

வட ஆற்காட்டின் தோல் தொழிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பேசத் தொடங்கினால், பேச்சு பாலாற்றிலும் தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்திலும் போய் நிற்கும். அதில் தவறில்லை, 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்ததை இங்கே யாரும் மறந்துவிடவில்லை. செய்தியாகாமல் உடம்பில் மெல்ல ஏறும் கேடு ஒன்றும் இருக்கிறது. அதை ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்குப் போய்வரும் பெண்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

என் அண்ணி பல ஆண்டுகள் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பிரிவில் இருந்தவர். “வேலை ஒண்ணும் கஷ்டமில்ல, எழுந்து போயிட்டு வர்றதுதான் கஷ்டம்” என்பார். ஒரு லைனில் ஒருவர் எழுந்தால் அடுத்தவரின் கைக்கு வேலை வராது, மணிக்கணக்கில் வைத்த டார்கெட் குறையும், சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் பெயரைச் சொல்லிக் கேட்பார். அந்தச் சொல்லுக்கு அஞ்சி, நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலிலும் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிற பெண்களை நான் அறிவேன். சிறுநீர்த் தொற்று, அடிவயிற்று வலி, தலைசுற்றல் என்று அவர்கள் மருத்துவமனைக்குப் போகும்போது, மாத்திரைச் சீட்டில் நோயின் பெயர் இருக்கும், காரணம் இருக்காது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிநீரையும் கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றது. கழிப்பறை கட்டியிருக்கிறார்களா என்பதை ஆய்வாளர் வந்து பார்த்துவிடலாம். அங்கே போக ஒரு பெண்ணுக்குத் துணிவு வருகிறதா என்பதை எந்தப் பதிவேட்டில் பார்ப்பது? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் தனியாகச் சட்டத்திருத்தம் வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டபோது எங்கள் தெருவில் பலர் பெருமூச்சு விட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம்தான்.

அண்ணி இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் கூலி பழைய சம்பளத்துக்கு அருகில்கூட வராது. புகையிலைத் தூளால் இருமல் வேறு. மீண்டும் கம்பெனிக்குப் போகலாமே என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் அவர் மறுத்துவிடுகிறார். சம்பளக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியலாம்; எனக்கு அப்படித் தெரியவில்லை.