தோற்ற வாரத்தின் ஆறு நாள்கள்

ஆட்டம் முடிந்த இரவே அதன் காணொளியைத் துண்டு துண்டாக வெட்டிப் பெயரிட்டு வைப்பதுதான் அந்தத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் எனக்கிருந்த வேலை. 40 நிமிட ஆட்டமொன்றில் ஒவ்வோர் அணியின் கைக்கும் பந்து ஏறத்தாழ 70 முறை வந்து போகும். ஒவ்வொரு முறையும் தாக்குதலை யார் தொடங்கினார், எந்த உத்தி அழைக்கப்பட்டது, தடுப்பு எங்கே உடைந்தது, பந்து எப்படிக் கைமாறியது என்றெல்லாம் குறித்தாக வேண்டும். வென்ற ஆட்டம் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். தோற்ற ஆட்டத்துக்கும் நீளம் அதேதான் என்றாலும் வேலை விடியும் வரை இழுக்கும். எந்த இடத்தில் கைவிட்டுப் போயிற்று என்று தேடிக் கை தானாகவே காட்சியைப் பின்னுக்கு ஓட்டிக்கொண்டிருக்கும். 2023-24 சீசனில் பல வாரங்கள் நான் பறவைச் சத்தம் கேட்ட பிறகே உறங்கினேன்.

எங்கள் லீக்கில் வாரத்துக்கு ஒரே ஆட்டம். தோல்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஓர் அணி ஏறத்தாழ ஆறு மாதங்களில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது; இன்று தோற்றவர் நாளையோ மறுநாளோ மீண்டும் களத்தில் நிற்பார். எங்களுக்கோ தோற்ற பிறகு ஆறு நாள்கள் அந்தத் தோல்வியோடு ஒரே கூடத்தில் குடியிருக்க வேண்டும். அதே சீசனில்தான் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றுவிட்டு, அடுத்து வரிசையாக 28 ஆட்டங்களில் தோற்றது. அந்த வரிசையின் கடைசி ஆட்டத்தில், பாஸ்டன் அணிக்கு எதிராக இடைவேளையின்போது 19 புள்ளிகள் முன்னிலையில் இருந்தும், கூடுதல் நேரத்தில் பறிகொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, டொராண்டோவை 129-127 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தை நான் வேலைக்காகப் பார்க்கவில்லை. அதில் எதையும் வெட்டவில்லை. கடைசி ஒலி அடித்ததும் அந்த வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டதைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பாஸ்டனில் நடந்ததை எண்ணிக் கலங்க அவர்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது என்பது என் கண்ணுக்குச் சலுகையாகவே பட்டது.

எங்கள் அணி ஏன் தோற்றது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. டீன் ஆலிவர் என்ற புள்ளியியலாளர், ஓர் அணியின் வெற்றியைத் தீர்மானிப்பவை நான்கு என்று வகுத்தார்: வீச்சின் துல்லியம், பந்தைப் பறிகொடுக்காமல் காப்பது, தவறிய வீச்சுகளின் ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் எகிறித் திரும்பும் பந்தை, கைப்பற்றுவது, எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி வீசக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போய்ச் சேர்வது. அவற்றுக்கு முறையே 40, 25, 20, 15 விழுக்காடு என்று அவர் தோராயமாக எடையும் கொடுத்திருக்கிறார். வீச்சில் நாங்கள் மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே இருந்தோம். சறுக்கியது இரண்டாவதிலும் மூன்றாவதிலும். பந்தை முன்னெடுத்துச் செல்லும் பாயிண்ட் கார்டு சீசன் தொடங்குவதற்கு முன்பே முழங்காலில் அடிபட்டு ஒதுங்கிவிட்டார். அவருடைய இடத்தில் இறங்கியவர் நல்ல வீச்சாளரே தவிர, இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பந்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் திணறுபவர். மூன்றாம் வாரத்திலேயே இதை அட்டவணை போட்டுக் காட்டிவிட்டேன். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த மருத்துவரின் பெருமிதம் அன்று எனக்கு இருந்தது. அது மருந்தில்லாத நோய் என்பதை, மாற்று வீரரை வாங்கப் பணமில்லை என்று நிர்வாகம் சொன்ன அன்றுதான் உணர்ந்தேன்.

அந்தத் தொடக்க வாரங்களில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு 40 காட்சித் துணுக்குகளைத் தொகுத்துக் கொண்டுபோவேன். ஏறக்குறைய அனைத்தும் பிழைகள். ஒருவர் தன் எதிராளியைத் தவறவிட்டது, ஒருவர் ரீபவுண்டுக்கு உடம்பைக் கொடுத்து மறிக்காமல் நின்றது, பந்து பறிபோனதும் ஒருவர் திரும்பி ஓடாமல் நடுவரைப் பார்த்துக் கை விரித்தது. எதுவும் பொய் இல்லை. அன்றைய தலைமைப் பயிற்சியாளர் ஒவ்வொன்றிலும் காட்சியை நிறுத்தி, உறைந்து நிற்கும் உருவத்தின் மீது ஒளிப்புள்ளியை ஓட்டிக்காட்டுவார். இருட்டறையில் பன்னிரண்டு பேர் மூச்சு விடுவதுகூடக் கேட்காது. ஆறாவது தோல்விக்குப் பிறகு அணித்தலைவர் கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, “நாங்கள் சரியாக ஆடிய இடம் ஒன்றுகூட உங்கள் கண்ணில் படவில்லையா?” என்று கேட்டார். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புபவர் கேட்கும் தொனியில்தான் கேட்டார். சரியாக ஆடியவை கூடுதல் நேரம் பிடிக்காதவை என்பதால் அவற்றுக்கு நான் தனிப் பெயர்கூட இடவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நாங்கள் இழந்த ஆட்டங்களில் பல கடைசி நிமிடம் வரை கையெட்டும் தூரத்தில் இருந்தவை. அடித்த புள்ளிகளையும் வாங்கிய புள்ளிகளையும் ஒப்பிட்டு ஓர் அணி எத்தனை ஆட்டங்கள் வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிடும் வாய்பாடு ஒன்று உண்டு. அதன்படி பார்த்தால் எங்கள் நிலை அட்டவணையில் தெரிந்த அளவுக்கு மோசமில்லை. நெருக்கமான ஆட்டங்களின் முடிவில் தற்செயலுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதைப் புள்ளிவிவரம் அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள். இதை ஒரு பக்க அறிக்கையாக எழுதி நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். தலைவர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இந்தத் தாளைக் காட்டினால் லீக்கில் நமக்கு எத்தனை வெற்றிகளைக் கூட்டிக் கொடுப்பார்கள்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீரர்களிடம் அதையே சொல்லிப் பார்த்தபோது விளைவு வேறுவிதமாக இருந்தது: நல்லகாலம் வாய்க்கவில்லை என்பதைக் கேட்டதும் சிலர் தோளைத் தளர்த்தினார்கள், சிலர் அடுத்த ஆட்டத்தில் காலையும் தளர்த்தினார்கள்.

பாதி சீசனில் பயிற்சியாளரை நீக்கினார்கள். தோற்கும் அணிகளில் இது வழக்கம்தான் என்றாலும் பலன் வழக்கமானதல்ல. 1972-73இல் என்பிஏவின் பிலடெல்பியா அணி, 51 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்றிருந்த ராய் ரூபினை அனுப்பிவிட்டு, அதுவரை வீரராக இருந்த கெவின் லாகரியிடம் பொறுப்பைக் கொடுத்தது. மீதி 31 ஆட்டங்களில் கிடைத்தவை ஐந்து வெற்றிகள். 9-73 என்ற அந்தக் கணக்குதான் 82 ஆட்ட சீசனில் இன்றும் மிகக் குறைந்தது. எங்கள் பயிற்சியாளர் போன நாளில் என் கணினியிலிருந்த அவருடைய கோப்புகளை ஒரு வன்தட்டில் நகலெடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் படியிறங்கிப் போகும்போது என் மனத்தில் முதலில் எழுந்தது வருத்தமல்ல, நீக்கப்பட்டவர்களில் என் பெயர் இல்லை என்ற நிம்மதி. இதை எழுதாமல் விட்டால் இந்த அனுபவத்தைச் சொல்வதில் பொருளில்லை.

புதிதாக வந்தவர் முதல் நாளே இரண்டு விதிகள் போட்டார். ஒன்று, கூட்டத்தில் 12 துணுக்குகளுக்கு மேல் கூடாது; அவற்றில் குறைந்தது நான்கு சரியாக ஆடியவையாக இருக்க வேண்டும். இரண்டு, எவருடைய பிழையைக் கூட்டத்தில் காட்டப்போகிறோமோ, அவர் அதை முந்தின நாளே என் அறையில் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது விதி என் வேலையின் தன்மையையே மாற்றிவிட்டது. அதுவரை திரையையும் முதுகுகளையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், இப்போது ஒவ்வொருவரின் பக்கத்திலும் அமர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. எதிராளியைத் தவறவிட்டார் என்று நான் குறித்திருந்த இடத்தில், பின்னாலிருந்து சக வீரர் தவறான பக்கத்தைச் சொல்லிக் கத்தியது காணொளியில் பதிவாகாது. அதை அந்த வீரர்தான் சொல்ல முடியும். என் குறிப்புகளில் பலவற்றைத் திருத்தினேன். எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணத் துணியவில்லை என்பதே சரி.

நான்கு நல்ல துணுக்குகளைத் தேடுவதுதான் கடினமாக இருந்தது. புள்ளி எடுத்த காட்சிகளைக் காட்டினால், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படித் தேடியபோதுதான் எதிரணி அனுப்பும் பந்தை விரல் நுனியால் தட்டித் திசை திருப்பும் கணங்களை எண்ணத் தொடங்கினேன். பந்து நம் கைக்கு வராவிட்டாலும், எதிரணி கூடையை நோக்கி வீசுவதற்கு உள்ள தன் 24 நொடிகளில் இரண்டு மூன்றை இழந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் எங்களுக்கு வரும் ஆட்டப் புள்ளிவிவரத் தாளில் இதற்கு இடமே கிடையாது. ‘தொடுகை’ என்று பெயரிட்டு ஒரு பத்தியைச் சேர்த்து, வாரந்தோறும் உடைமாற்றும் அறையின் சுவரில் ஒட்டினேன். பெஞ்சிலிருந்து சில நிமிடங்களுக்கு மட்டுமே இறக்கப்படும் ஓர் இளைஞரின் பெயர், ஆடிய நிமிடத்துக்கு இத்தனை என்ற கணக்கில், அந்தத் தாளின் மேலே வந்தது. பயிற்சி முடிந்து போகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டே அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள். தோல்விகள் நின்றுவிடவில்லை. இடையிடையே வென்றோம்.

என்பிஏவில் கடைசியில் நின்றவர்களுக்கு அப்போது ஓர் ஆறுதல் இருந்தது: 1985 முதல் நடக்கும் குலுக்கலில், புதிய வீரர்களில் முதலாமவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்த சீசனில் அடிமட்ட அணிகளுக்கே அதிகம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 விழுக்காடு என்று மாற்றியிருந்தார்கள். எங்கள் லீக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடைசி இடம் என்றால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கம், இறக்கம் என்றால் வருமானம் சுருங்கும், ஒப்பந்தங்கள் காற்றில் போகும். கடைசி மாதத்தில் வீரர்கள் ஒவ்வொருவராக இரவில் என்னை அழைத்து, தங்கள் நல்ல ஆட்டங்களை மட்டும் ஐந்து நிமிடத் தொகுப்பாகச் செய்து தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். வேறு அணிக்கு அனுப்புவதற்காக என்பது இருவருக்கும் தெரியும். செய்து கொடுத்தேன். இதைத் துரோகம் என்று துணைப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டிய மனிதர்கள் அவர்கள். தவிர, அந்தத் தொகுப்புகளைச் செய்யும்போதுதான் அணித்தலைவர் அன்று கேட்ட கேள்விக்கு, மிகத் தாமதமாக, பதில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்ப்பிரிவுக்கு இறங்கினோம். கடைசி ஆட்டத்தையும் வழக்கம்போல முழுமையாக வெட்டிப் பெயரிட்டேன், திங்கட்கிழமை பார்க்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே. கோடையில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். சில மாதங்கள் கழித்து என் இடத்துக்கு வந்தவர் தொலைபேசியில் அழைத்தார். கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன, வேறு சந்தேகம் எதுவும் இல்லை என்றார். ‘தொடுகை’ என்றொரு பத்தி பாதி சீசனிலிருந்து தொடங்குகிறதே, அதற்கு முந்தைய ஆட்டங்களின் கணக்கு எங்கே என்று மட்டும் கேட்டார்.