முருகன் உள்ளே விடவில்லை

அப்பாவின் லேப்டாப் பாரிசில் வாங்கியது. அத்தை மகன் லீவுக்குப் புதுச்சேரி வந்தபோது, திரையை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கீபோர்டு அப்படியே பிரெஞ்சு. க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ, எல்லுக்குப் பக்கத்தில் எம், எண் அடிக்கணும்னா ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கணும். அப்பா ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்டுவார். எழுத்து எங்கே இருந்தால் அவருக்கு என்ன?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிகிறது என்று திரையில் வந்ததிலிருந்து போன் மேல் போன். "டேய், என்னமோ முடியுதுன்னு போட்டிருக்கான். ஜாதகமெல்லாம் போயிடுமா?"

ஜாதக சாஃப்ட்வேர்தான் அவர் உயிர். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய கட்டம் அதற்குள் இருக்கிறது. சிடி எங்கேப்பா என்றால் கொலுப் பெட்டியில் இருக்கும் என்பார். கொலுப் பெட்டியில் செட்டியார் பொம்மைதான் இருக்கிறது. ஆக, சாஃப்ட்வேர் அழியாமல் விண்டோஸ் 11 ஏறியாகணும்.

சென்னையிலேயே பென் டிரைவில் ஆங்கில விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை போய் இறங்கினேன். ராகு காலம் முடியட்டும் என்று பத்தரை வரை உட்கார வைத்தார். செட்டப்பை ஓட்டினால், எதையெல்லாம் வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டது. மூன்று வழி. ஃபைலும் புரோகிராமும், ஃபைல் மட்டும், ஒன்றுமே வேண்டாம். நமக்கு வேண்டிய முதல் வழி மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. கிளிக் செய்தால் அசையவில்லை.

கமாண்ட் விண்டோவைத் திறந்து டிஸ்ம் கட்டளை கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிஸ்டத்தின் அடிப்படை மொழி இன்னும் பிரெஞ்சு. நாம் பார்க்கிற ஆங்கிலம் மேலே போட்ட சட்டை. செட்டப் சட்டையைப் பார்ப்பதில்லை, பிறப்புச் சான்றிதழைப் பார்க்கிறது. பிரெஞ்சு வீட்டில் ஆங்கில ஆளைக் குடிவைத்தால், பழைய சாமான் எதற்கும் பொறுப்பில்லை என்கிறது.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "புதுச்சேரி யார்கூடன்னு கீழூர்ல 54 அக்டோபர்ல ஓட்டு போட்டாங்க. 178 பேர்ல 170 பேர் இந்தியாதான்னுட்டாங்க. நவம்பர் 1, பிரெஞ்சுக்காரன் ஆட்சிய ஒப்படைச்சிட்டான். ஆனா சட்டப்படி கைமாறினது 62 ஆகஸ்ட் 16. நடுவுல எட்டு வருஷம் நம்ம கொடி, அவன் பத்திரம். உன் கம்ப்யூட்டர் அந்த எட்டு வருஷத்துல நிக்குது."

பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் சோறு தின்கிற எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வந்திருக்காது.

பத்திரத்தை மாற்றும் வேலையில் இறங்கினேன். அமெரிக்க ஆங்கில மொழிப் பொதியை இறக்கி, விண்டோஸ் தன் அமைப்பையெல்லாம் குறித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் காப்பி எடுத்து வைத்துவிட்டு, உள்ளே நிறுவிய மொழிக்கான இடத்தில் 040சி என்றிருந்ததை 0409 ஆக்கினேன். முன்னது பிரெஞ்சு, பின்னது அமெரிக்க ஆங்கிலம். குறுக்கு வழிதான், மறுப்பதற்கில்லை. ரீஸ்டார்ட் செய்து செட்டப்பை ஓட்டினால், சாம்பல் போய் எழுத்து கறுத்திருந்தது. சாயங்காலம் விண்டோஸ் 11 வந்தது. ஜாதகமும் திறந்தது. அப்பா முதல் வேலையாக என் கட்டத்தைத் திறந்து, சனி இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

ஆபீஸ் நண்பனுக்குப் பெருமையாகப் போன் போட்டேன். "பிரெஞ்சு விண்டோஸ் 11-யே இறக்கியிருந்தா நேராவே ஏறியிருக்குமேடா" என்றான். உண்மைதான். வைத்துவிட்டேன்.

அந்த எரிச்சலில்தான் வேண்டாத வேலை ஒன்று செய்தேன். இனி பிரெஞ்சே இருக்கக் கூடாது என்று கீபோர்டு பட்டியலிலிருந்தும் அதை நீக்கி, லாகின் திரைக்கும் அந்த மாற்றத்தையே காப்பி செய்துவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை ஐந்து மணி. "டேய், முருகன் உள்ள விடமாட்டேங்கிறான்!"

பாஸ்வேர்டு முருகன், கூடவே ஆறுபடை வீட்டுக்கு ஒரு 6. நாலு தடவை அடித்திருக்கிறார், நாலு தடவையும் தப்பு. தூக்கக் கலக்கத்தில் வந்து, கட்டத்தின் ஓரத்திலிருந்த கண் பொம்மையை அழுத்திப் பார்த்தேன். எம் தட்டிய இடத்தில் அரைப்புள்ளி. ஏ தட்டிய இடத்தில் க்யூ. ஷிஃப்டோடு 6 தட்டியதற்குக் கடைசியில் வேல் முனை மாதிரி ஒரு கூரைக் குறி. கீபோர்டில் அச்சடித்திருப்பது பிரெஞ்சு, உள்ளே நான் வைத்தது அமெரிக்கா.

ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம் என்றேன். பழகின கீபோர்டில் கை வைக்காதே என்றார். சரியென்று பிரெஞ்சைத் திரும்பச் சேர்த்தேன். ஆனாலும் அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது. காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கீபோர்டிலும் இடம் மாறாத எழுத்துகளை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். காபி ஆறும்வரை யோசித்தார். பிறகு "வேலு" என்றார். வி, ஈ, எல், யு. நாலும் இரண்டு நாட்டிலும் அதே இடம்.

அதையே பாஸ்வேர்டாக வைத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். இப்போது அதையும் இங்கே எழுதிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகணும்.