மயான காண்டம்: கோயில் வீதியிலும் புலம்பெயர் மண்டபத்திலும்

கல்லூரிக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் இசை நாடகம் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆர்மோனியச் சுருதிதான். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று ஆண்கள் உச்சத்தில் பாடினார்கள். ஒலிபெருக்கி இல்லாத மேடையிலிருந்து கடைசிப் பாய் வரைக்கும் குரல் போய்ச் சேர வேறு வழி இருக்கவில்லை. இது காதால் பார்க்கிற நாடகம். குடும்பத்தோடு போவதற்கான ஆயத்தங்களும் அதை ஒட்டியே இருந்தன.

இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாய், போர்வை, போத்தலில் தேநீர் என்று எடுத்துக்கொண்டு போவார்கள். கச்சான் அங்கேயே வாங்கலாம். சின்னப் பிள்ளைகளைப் பின்னேரமே ஒரு நித்திரை கொள்ள வைத்துவிடுவது தாய்மார் கைக்கொண்ட நல்ல வழக்கம். அப்படிச் செய்யாவிட்டால் அரிச்சந்திரன் கதையில் விசுவாமித்திரர் கடன் கேட்கும்போதே பிள்ளை மடியில் சாய்ந்துவிடும், சுடலைக் காட்சிக்குத் தட்டி எழுப்பினால் சிணுங்கும். பிள்ளைகள் முன்னால் மணலில் இருப்பார்கள். பெரியவர்கள் ஆர்மோனியக்காரரின் கை தெரிகிற பக்கமாகப் பாயை விரிப்பார்கள். அடுத்த பாட்டுக்கு அவர் எடுத்துக்கொடுக்கும் இடத்தைப் பார்த்தே வரப்போகிற இராகத்தைச் சொல்லிவிடும் இரசிகர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

அரிச்சந்திர மயான காண்டம் என்றால் எங்களுக்குக் காங்கேசன்துறை வசந்தகான சபா என்ற நாடகக் குழுதான், நடிகமணி வி. வி. வைரமுத்துதான் (1924–1989). சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இசை நாடக மரபில், பாட்டாலேயே ஒரு குடும்பத்தின் துயரத்தை முழுதாகச் சொல்லிவிடுகிற பகுதி இது.

பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தர்ப்பை எடுக்கப்போன லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்துவிட, சந்திரமதி தனியே உடலைச் சுடலைக்குக் கொண்டுவருகிறாள். காவல் நிற்கும் அரிச்சந்திரன் முழத்துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். துண்டும் பணமும் எசமான் வீரவாகுவுக்கு உரியவை. வாய்க்கரிசி மட்டுமே இவனுடைய கூலி. அவளிடமோ ஒன்றுமில்லை. “கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொடு” என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. அந்த ஒரு சொல்லில் அவள் அவனை அறிந்துகொள்கிறாள். மகன் என்று தெரிந்த பிறகும் எசமானின் பங்கை அவன் விட்டுக்கொடுப்பதில்லை. நடிகரின் திறமை தெரிவது இங்கேதான். உண்மையாகவே அழுதால் தொண்டை அடைத்துச் சுருதி விலகிவிடும். அழுகையைப் பாட்டின் இழுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் தடியோடு அசையாமல் நிற்க வேண்டும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மிகை நடிப்பு உடனே தெரிந்துவிடும்.

புலம்பெயர் நாடுகளின் மண்டபங்களில் இதே நாடகம் ஏறும்போது பிசகுவது பெரும்பாலும் நடிப்பு அல்ல, மற்றவைதான். சூடேற்றிய மண்டபத்தின் உலர்ந்த காற்றில் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை இறுகிச் சுருதி ஏறும். இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்துபோய் அதன் கனத்த நாதம் மெலியும். வாத்தியத்தை முன்கூட்டியே மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்து, அந்தச் சூட்டுக்குப் பழகிய பிறகு சுருதி சேர்க்க வேண்டும். காட்சி மாறும் இடைவெளியில் ரவையை ஈரவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். சட்டையில் குத்தும் சிறு மைக் மாலையிலும் மணிகளிலும் உரசிக் கரகரக்கும். நெற்றியோரம் மயிர்முடிக்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆர்மோனியத்துக்குத் தனி மைக் வைத்து உரக்க விட்டால் பாட்டின் சொல் அமுங்கிவிடும். சொல் கேட்காத மயான காண்டத்தில் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? சுடலைக்குப் புகை விடுவதானால் மண்டபக்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புகை உணர் கருவி அலறினால், சபை முழுவதும் வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு உரைகள். ஆறு மணி என்று போட்டு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் முடிந்து திரை விலக எட்டாகிவிடுகிறது. மண்டபத்தைப் பத்துக்குக் கையளிக்க வேண்டும். உடனே வெட்டு விழுவது தர்க்கப் பாடல்களில். இருவரும் மாறி மாறிப் பாடி மெல்ல மெல்ல ஏறுகிற அந்தப் பகுதி போய்விட்டால், தாலியைக் கண்டுகொள்ளும் இடம் வெறும் செய்தியாகிவிடும். சங்கங்கள் நாடகத்தை முதலில் வைத்து, உரைகளை அதற்குப் பிறகு வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கதையைச் சத்தியவாக்கு, நாடு இழந்தது, மனைவியும் மகனும் விலைப்பட்டது, சுடலை என்று நாலு வரியில் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சந்திரமதியை வெட்ட ஓங்கிய வாள் மாலையாகும் முடிவை மட்டும் சொல்ல வேண்டாம். முக்கியமான பாடல்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுத்தால், இருட்டில் வாசிக்க முடியாவிட்டாலும் திரை விலகுமுன் தாய் தகப்பனோடு ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள். மங்களம் பாடி முடியும்வரை வாகனத் தரிப்பிடத்துக்கு ஓட வேண்டாம். நடிகர்கள் எல்லோரும் ஒன்றாக மேடைக்கு வருவது அப்போதுதான்.